உரிமையாளர் கவனத்திற்கு

ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.
இல்லாவிட்டால் தூசியோடு சேர்ந்து
உத்தரவும் உதிர்ந்துவிடும்.
பதினோரு வருஷத்தில் இந்த வேலையில்
நான் கற்றது அது ஒன்றுதான்.

செல்லூரில் பாத்திரப் பட்டறைகள் தாண்டி
கண்மாய்ப் பக்கம் திரும்பும் முக்கில் ஒரு ஜீப் நிற்கிறது.
நிற்கிறது என்பதுகூடத் தப்பு.
சக்கரங்கள் போன இடத்தில்
நான்கு செங்கல் அடுக்கு அதைச் சுமக்கிறது.
நம்பர் பலகை இல்லை.
பின்சீட்டில் இஸ்திரி போடும் ராயப்பனின் கரி மூட்டை.
"தாராளமா எடுங்க சார்,
மழைக்காலம் மட்டும் முடியட்டும்" என்றார்.
அப்போது மாசி.
பொங்கலிலிருந்து ஒரு தூறல் இல்லை.

ஏழு நாட்களுக்குள் அகற்றத் தவறினால்
என்று அச்சடித்த தாளில்
வாகன எண் என்ற இடத்தில் என்ன எழுத?
பானட்டைத் தூக்கி, எலிக்கூட்டை ஒதுக்கி,
மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
துருவுக்கடியிலிருந்து
ஒவ்வொன்றாக எழுந்து வந்தது சேஸிஸ் எண்.
கடைசி எண் மூன்றா எட்டா தெரியவில்லை.
இரண்டையும் எழுதி அனுப்பினேன்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்
நாற்பதாம் நாள் பதில் போட்டது.
எட்டு என்றால், அப்படி ஒரு வண்டியே இல்லை.
மூன்று என்றால்
கொசு ஒழிப்புப் பணிக்கு வாங்கியது.
உரிமையாளர்: ஆணையாளர்,
மதுரை மாநகராட்சி.

விதி விதிதானே.
எங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கே
பதிவுத் தபால் அனுப்பினேன்.
தல்லாகுளம் போய்த் திரும்பி
மாடிக்கு வந்து சேர மூன்று நாள்.
தபால் பிரிவில் அமலோற்பவம்
தலை நிமிராமல் முத்திரை குத்தினாள்:
பெறப்பட்டது.
ஏழு நாள் காத்திருந்தோம்.
உரிமையாளரிடமிருந்து பதில் இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம்
அழகர் அந்தத் தெருவுக்கு வரமாட்டார் என்று தெரிந்தும்
கிரேன் வந்தது.
தூக்கும்போது கதவிலிருந்து
செதில் செதிலாகப் பெயிண்ட் கொட்டி
அடியில் நீல எழுத்து வெளியே வந்தது:
…ணீர் தேங்க விடாதீர்.
உள்ளே பழைய மருந்து டிரம்மில்
துணிக்குத் தெளிக்க ராயப்பன் பிடித்து வைத்த தண்ணீர்.
வெயில் பட்டதும் துள்ளின
நூறு, இருநூறு புழுக்கள்.
கிரேன்காரப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பார்த்தேன்.

இப்போது அது வெள்ளக்கல் கிடங்கில் இருக்கிறது,
வரிசை எண் முப்பத்தாறு.
ஏலம் விட உரிமையாளர் ஒப்புதல் வேண்டுமாம்.
கோப்பு மேலே போயிருக்கிறது.

முக்கில் நான்கு செங்கல் அடுக்கும் அப்படியே.
அதன்மேல் பலகை போட்டு
ராயப்பன் சட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறார்.
என்னைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.
பயப்படாதீங்க என்றேன்.
அது ஆக்கிரமிப்பு.
அதற்கு வேறு பிரிவு.