ஏழாம் எண் பலகை

புரட்டாசியில் நகராட்சிக்காரர்கள்
எங்கள் வீதிச் சாக்கடைக்குப் பலகை போட்டார்கள்.
கம்பி வைத்த கான்கிரீட்.
ஈரம் காய்வதற்குள் ஆணியால்
ஒவ்வொன்றிலும் எண் கீறியிருந்தது.
தீபாவளி கழிந்து பார்த்தால்
ஆறுக்கு அடுத்து எட்டு.
நடுவே ஓர் ஆள் அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர்,
பட்டறையில் சாயம் திறந்துவிடும் நாளில் ஊதா.

மனு எழுதியது நான்தான்.
மில் ஆபீசில் பில் போடுகிறவள்,
கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.
"மர்ம நபர்கள் சிலர்" என்று எழுதியபோது
பேனா எங்கும் நிற்கவில்லை.
பதினேழு கையெழுத்து, இரண்டு கைநாட்டு.

"வடக்கத்திப் பசங்க வேலையாத்தானுங்க இருக்கும்,
ஒடைச்சுக் கம்பிய எடைக்குப் போட்டிருப்பானுங்க"
என்றாள் கலாமணி, கையெழுத்துப் போட்டபடி.
தறிக்குடோன் பொங்கியண்ணன் ஆமாம் என்றார்.
நானும்
தலையை ஆட்டினேன். அதைத்தான்
இப்போது எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும்
ஆட்டியதாகவே இருக்கிறது.

ஏழாம் எண் என் வாசற்படியில் சாய்ந்திருக்கிறது,
எண் அடிப்பக்கம்.
போர் வண்டியிலிருந்து நோம்பிக்கு வந்த வீட்டுக்காரர்
கூட்டாளிகள் இரண்டு பேரோடு
விடியற்காலை தூக்கி வந்தது.
மூன்று பேர் மூச்சு வாங்கினார்கள்.
நான் டீ போட்டுக் கொடுத்தேன்.
தினமும் ஸ்கூட்டி அதன்மேல் ஏறும்போது
டொக் என்று ஒரு சத்தம்.
நாற்பது தறி ஓடும் வீதியில்
அது யாருக்குக் கேட்கும்?

கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி
ஷிப்ட் முடிந்து வந்த ரங்காதர்
தொடை வரைக்கும் உள்ளே போனான்.
ஒடிசாவில் எந்த ஊரோ, கேட்டதில்லை.
வீதிக்கு அவன் ரெங்கு.
ஒரு செருப்பைத் தண்ணீர் கொண்டுபோனது.
மறுநாள் நொண்டிக்கொண்டே
சிவப்புக் கழிவு நூலைத் திரட்டி
கொம்பில் கட்டி
ஏழு இருந்த இடத்தில் நட்டுவைத்தான்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்து விலகிப் போனார்கள்.
மனுவில் அவன் பெயர் இல்லை.
அவனிடம் யாரும் காகிதத்தை நீட்டவில்லை.

நகராட்சியிலிருந்து செல்போனுக்குச் செய்தி வந்தது:
தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.

சத்தீஸ்கரிலிருந்து வீட்டுக்காரர் பேசினார்.
எண்ணூறு அடி போயும் புகைதானாம்.
பலகையைப் பற்றிச் சொன்னேன்.
"கெடக்குது உடு புள்ள,
நாம வரி கட்டலையா?"

சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது.
தறி எல்லாம் ஒட்டுக்கா நின்றது.
காதுக்குள் பஞ்சை எடுத்த மாதிரி இருந்தது.
இருட்டில் பலகைக்கு அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தேன்.
ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது,
மறுபக்கம் பூமி விடவில்லை.
லைன் வீட்டில் மூன்றாவது கதவைத் தட்டினேன்.

"சித்தெ வரியா, ரெங்கு?"
"என்னக்கா?"

புரட்டிப் போட்டதும் எண் மேலே வந்தது.
செல்போன் வெளிச்சத்தில் அவன் ஏழைப் பார்த்தான்,
கொம்பு இருந்த திசையைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல்
லுங்கியை மடித்துக் கட்டினான்.

தூக்க முடியவில்லை. இழுத்தோம்.
தார் ரோட்டில் கான்கிரீட் அரைபடுகிற சத்தம்
தறி நின்ற வீதியின் இரண்டு முனைக்கும் போனது.
நாய் குரைத்தது. ஒரு ஜன்னல்.
இன்னொரு ஜன்னலில் டார்ச்.
பிறகு நாலைந்து டார்ச், எல்லாம் எங்கள்மேல்.

"யாருங்க அது, இந்நேரத்துல?"
கலாமணியின் குரல்.

பலகையின் ஒரு முனை சாக்கடை விளிம்பில் ஏறிவிட்டது,
மறுமுனைக்கு அடியில் ரங்காதரின் விரல்கள்.
கீழே போட முடியாது.

"நாந்தானுங்க," என்றேன்.
"வெசயா வாங்க.
ஒரு ஆள் கொறையுது."