கச்சானுக்கு எதிரே

விடியமுன் ஒட்டுசுட்டானில் இருந்து வெளிக்கிட்டோம்.
பவளராணியின் கரியரில் ஒரு உரப்பை,
அரைவாசிக்கு மணல்,
கயிற்றால் மூன்று சுற்று.
என் கரியரில் இரண்டு பாய், ஒரு பம்ப்,
பழைய ரியூப் வெட்டிய துண்டுகள்.

"ஹற்றன் ஏற்றத்தில
இறங்கி உருட்டக்கூடாது" என்கிறாள்.
அதற்குத்தான் மணல்.
ஹற்றனை அவள் கண்டதில்லை.
எழுபத்தேழில் உடுத்த துணியோடு
இந்தக் காட்டுக்கு வந்தவர்களின் கடைசி மகள்,
பிறந்தது இங்கே, முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம்.
நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை
அவளை 'மலைநாட்டாள்' என்று கூப்பிட்டது.
அந்தப் பிள்ளை நானில்லை.
பக்கத்து வாங்கில் இருந்தேன்.

மாங்குளம் வரைக்கும் நாங்கள் எண்ணிய வாகனங்கள்:
ஒரு லாண்ட்மாஸ்டர்,
பாண்காரரின் மோட்டார் சைக்கிள்,
நடு ரோட்டில் வயிறு காயவைத்துப் படுத்திருந்து
எங்களுக்கு வழிவிடாத உடும்பு.
பிறகு ஆனைலத்தி. ஆவி போய்க்கொண்டிருந்தது.
உள்ளே முழுசாய்ப் பாலைக்கொட்டைகள்.
"இப்பதான் போயிருக்கு" என்றாள், மணியை அடிக்காமல்,
கிறீச்சிடும் பெடலை ஒற்றைக்காலால் அமத்திக்கொண்டு.
அரை மைல் தூரம் நாங்கள் கதைக்கவில்லை.

மாங்குளத்தில் கண்டி வீதியைக் கடக்கவேண்டும்.
பஸ், பஸ், கல் ஏற்றிய லொறி, பஸ்.
அந்த வீதியின் பெயரிலேயே மலை இருக்கிறது.
தெற்கே பார்த்தபடி அவள் ஒரு காலை ஊன்றி நின்றாள்.
லொறி போனது. இடைவெளி வந்தது.
அவள் கடக்கவில்லை.
இன்னொரு இடைவெளி வந்தது.
"இந்தத் தவணை லீவில இல்லை" என்றாள்,
யாரும் கேட்காத கேள்விக்கு.
பிறகு கடந்தோம். துணுக்காய்ப் பக்கம்
ரோட்டு மறுபடியும் எங்களுக்கு மட்டும்.

பத்து மணிக்குக் காற்று எழும்பியது.
ஆடிக் கச்சான்,
நேரே நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற காற்று.
ஒரு மேடும் இல்லை.
தண்ணி ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று
யோசிக்கிற தரை.
ஆனாலும் தொடை எரிகிறது,
முன்சில்லு ஆடுகிறது,
சட்டை முதுகில் கூடாரம் போடுகிறது.
"இதுதான்!" என்று கத்துகிறாள் முன்னால் இருந்து,
"இதுக்கு உச்சி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்!"
மிச்சத்தைக் காற்றுக் கொண்டுபோனது.

மல்லாவிச் சந்தியில் நூறு ரூபாய்க்கு வறுத்த கச்சான்.
"அடிக்கிறதும் கச்சான், கடிக்கிறதும் கச்சான்"
என்றார் சுருள் மடித்துத் தந்த மனுசி.
எல்லாருக்கும் சொல்வார்போல.
நாங்கள் தேவைக்கு மேலேயே சிரித்தோம்.

பின்னேரம் வவுனிக்குளம்.
குளக்கட்டுக்கு ஏறுகிற கிறவல் பாதை
முப்பது யார் இருக்குமோ என்னவோ.
மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஏற்றம்.
நான் பாதியில் இறங்கி உருட்டினேன்.
அவள் எழும்பி நின்று மிதித்தாள்.
மணல்மூட்டை இடமும் வலமும் இழுக்க,
சங்கிலி முறுகுகிற சத்தம் கேட்டது.
கட்டின் மேலே போய்
காலை ஊன்றாமல் ஒரு வட்டம் அடித்தாள்.
எதிரே குளம். வற்றல்.
பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் செட்டை விரித்திருந்தன.
மேற்கே, மலைமாதிரி ஒரு முகில்.
அதைப்பற்றி அவளும் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் காட்டவில்லை.

திரும்பிவரும் நாளில் கச்சான் முதுகுக்கு வந்தது.
மிதியாமலே சைக்கிள் ஓடியது.
நான் பெடலில் கால் வைத்தபடி
பாலைப்பழம் சூப்பிக்கொண்டு வந்தேன், உதடு ஒட்ட.
அவளோ பிறேக்கை அமத்தி அமத்தி விட்டாள்.
றப்பர் மணத்தது.
"இறக்கத்தையும் பழகவேணும் எல்லோ,
விழுறது அங்கதானாம்."

கரிப்பட்டமுறிப்புத் தாண்டி நிழலில் நின்றபோது
"மூட்டையைத் தா, மிச்சத்துக்கு நான் கொண்டுவாறன்" என்றேன்.
என்னைப் பார்த்தாள்.
"உனக்கு என்ன மலை?"

பதில் இருக்கவில்லை.
கயிற்றின் நுனியைத் தேடினேன்.
அவள் இழுக்காமல்
என் கையில் விட்டாள்.