இங்கப்பூர்

மஞ்சு விலகினால்தான் நிறம் பார்க்க முடியும்.
டியூப்லைட்டில் பார்த்தால்
பல் பொய் சொல்லும் என்பார் டாக்டர் ஷெரின்.
ஊசி போட்டாயிற்று. வாய் மரத்துவிட்டது.
சாய்வு நாற்காலியிலிருந்து இறங்கி
ஜன்னலோர ஸ்டூலில் காத்திருக்கிறார்
குழந்தைவேலு, வயது அறுபத்து மூன்று,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
குளியலறையில் வழுக்கி
மூன்று முன்பல்லை அங்கேயே விட்டுவந்தவர்.
என் கையில் பதினாறு வெள்ளைகள்,
சாவிக்கொத்துபோல.

வெளியே பெட்போர்டு இல்லை.
எதிர்க்கடை இல்லை, அதன் பெயர்ப்பலகையும் இல்லை.
சத்தம் மட்டும் இருக்கிறது:
கோத்தகிரி கோத்தகிரி என்று ஒரு கண்டக்டர்.

அங்கே ஒரு பல்லுக்குக் கேட்ட காசில்
இங்கே மூன்று பல், விமான டிக்கெட்,
குன்னூரில் பத்து நாள் வாடகை அறை,
தொட்டபெட்டா, ஒரு கம்பளிக் குல்லா,
மிச்சத்தில் மனைவிக்கு நீலகிரித் தைலம்.
வந்த அன்றே கணக்கை
அப்பாயின்ட்மென்ட் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார்.

முன்பல் இல்லாத, மரத்த வாய்.
சகரம் நிற்க இடமில்லாமல் விழுந்துவிடுகிறது.
"இங்கப்பூர்ல," என்று ஆரம்பிக்கிறார்,
"இங்கப்பூர்ல மஞ்சே கிடையாதும்மா."
முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

இங்கப்பூரில் ஒரே மேசையில்
ஒருவருக்குக் கஞ்சி, ஒருவருக்கு நாசி லெமாக்,
இவருக்கு ரொட்டிப் பரோட்டா.
இங்கப்பூரில் ரயில்
நான்கு மொழியில் பேசிவிட்டுத்தான் கதவை மூடும்.
கிரேன் மேலிருந்து பார்த்தால்
எந்தக் கப்பல் எந்த நாடு என்று
கொடி பார்க்காமலே சொல்வாராம்,
துருவின் நிறத்தை வைத்து.

நாங்கள் மட்டும் என்ன என்று கேட்கத் தோன்றியது.
இன்று காலையிலிருந்து வந்த வாய்கள்:
வெலிங்டன் முகாம் சிப்பாய், ஊர் தேஜ்பூர்.
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த பூல்மணி குஜூர்,
மொழிபெயர்க்க அவள் மகன், இரண்டாம் வகுப்பு.
வர்க்கி போடும் மொய்தீன்குட்டி,
மாவு தவிர எதையும் கடிக்க முடியவில்லையாம்.
பிறகு எங்கள் ஹட்டிக்காரர், எனக்குச் சித்தப்பா முறை,
ஊசியைப் பார்த்ததும்
படகு பாஷையில் ஒன்று சொன்னார்,
அதை இங்கே எழுத முடியாது.
எல்லாரிடமும் நான் கேட்டது ஒரே எழுத்து.
ஆ.
யாரும் தப்பாக உச்சரிக்கவில்லை.

சொல்லவில்லை. வேலை நேரம்.
அதோடு, நான் போன தூரம் கோயமுத்தூர்,
அதுவும் இந்த வேலைக்குச் சர்ட்டிபிகேட் வாங்க.

"ரொம்ப வெள்ளையா வேணாம்" என்றார் திடீரென்று.
கோப்பிக் கடையில் கூட்டாளிகள்
யாருடைய பல் என்று கேட்பார்களாம்.
பொய்ப்பல் என்றே தெரியக் கூடாதா என்றார் டாக்டர்.
யோசித்தார்.
"தெரியட்டும். கொஞ்சம்."

மஞ்சு கிழிந்தது.
மின்கம்பம் வந்தது, கம்பத்தடியில் நாய்,
அப்புறம் சரிவு முழுக்கத் தேயிலை, அதன்மேல் வெயில்.
இப்போது ஆ வேண்டாம், ஈ என்றேன்.
ஏ இரண்டு கல்யாண வீட்டு வெள்ளை.
ஏ மூன்றைப் பக்கத்தில் பிடித்தேன்,
அவர் பல் எது, என் பல் எது என்று
ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.
எழுதி முடிப்பதற்குள் நாய் மறைந்துவிட்டது.

எட்டாம் நாள் கோவை லேபிலிருந்து
பஸ்ஸில் பார்சலாக வந்தது.
பொருத்தி, கண்ணாடி கொடுத்தேன்.
பல்லைப் பார்க்கவேயில்லை அவர்.
"சிங்கப்பூர்" என்றார்.
கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக, "சிங்கப்பூர்."
டாக்டர் கைதட்டினார்.
எனக்கு ஏனோ
ஒரு ஊர் போய்விட்டது.

அவருடைய வாயின் அச்சு எங்களிடம் இருக்கிறது,
பிளாஸ்டரில், முன்னால் மூன்று இடம் காலியாக,
கீழ்த்தட்டில், பூல்மணிக்குப் பக்கத்தில்.
சனிக்கிழமை தூசி தட்டும்போது
டப்பாவின் மேல் சீட்டைப் பார்த்த டாக்டர்
ஊர் பெயரில் எழுத்துப் பிழை என்று
பேனாவை நீட்டினார்.
வாங்கி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு
அடுத்த டப்பாவை எடுத்தேன்.