விலாவிலிருந்து கடன்

எங்கள் நிலத்துக்கு மேற்கே வேலி கிடையாது.
மூன்று வரிசைக் கம்பி உண்டு, மாடுகளுக்காக.
மான்கள் அதை வேலியென்று மதித்ததில்லை.

லாடிஸ் ஹாவெல்கா, என் கணவர்,
எட்டு வருடமாக
யாருக்கும் சொந்தமில்லாத கான்சாஸ் மான்களுக்குக்
கொம்பு வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரியில், வெடித்த பனிமண்ணில் க்ளோவர் விதை.
ஏப்ரலில் ஓடைக்கரையில் ஒரு மூட்டை தாது உப்பு.
உப்பைத் தின்று, உப்பூறிய மண்ணையும் தின்று
குளியல்தொட்டி அளவுக்குக் குழி பறித்துவிட்டன.
மண் பரிசோதனைத் தாள் ஃப்ரிட்ஜ் கதவில்,
பேத்தி வரைந்த குதிரைக்கு மேலே:
பாஸ்பரஸ் குறைவு, சிவப்பு மையில் வட்டம்.

கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.
"தீனி, வம்சம், வயசு.
தீனி நான் போடலாம்.
வம்சத்தில் பாதி பிணைமான் கொண்டுவருவது,
அவள் நெற்றியில் ஒன்றும் எழுதியிருக்காது.
வயசைத்தான்
எந்தக் கடையிலும் மூட்டை கட்டி விற்பதில்லை."

அப்படி விட்டுவைத்ததுதான் தபால்காரன்.
நாலு பத்துக்கு ஓடையைக் கடப்பதால் அந்தப் பெயர்.
முதல் கொம்பில் ஆறு முனை, பென்சில் கனம்.
அடுத்த வருடம் எட்டு.
இடது புருவமுனை மட்டும் கேள்விக்குறிபோல் வளைந்தது.
ஒவ்வொரு டிசம்பரிலும் மரத்தின் மேல்
துப்பாக்கியை மடியில் கிடத்தி
அது போவதைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்.
"நீ வளர்த்து வை, என் மருமகன் சுடுவான்"
என்று சிரிப்பார் பக்கத்து நிலத்து ஸ்ட்ரான்ஸ்கி.
அது மிரட்டல் இல்லை. வானிலை சொல்வதுபோல்.

ஜூலை. கொம்பெல்லாம் வெல்வெட், உள்ளே சூடான ரத்தம்.
லாடிஸ் சமையலறையில் உரக்கப் படித்தார்:
கொம்பு வளரும் வேகத்துக்குத் தீனி ஈடுகொடுக்காது,
கலைமான் தன் விலாவிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும்,
இலையுதிரும் முன் திருப்பிக் கட்டிவிடும்.
அதே வாரம்தான் கிளினிக்கிலிருந்து கடிதம்.
இடுப்பெலும்பு: மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பது.
கால்சியம் மாத்திரைப் புட்டி
சீல் உடையாமல் காப்பி டப்பாவுக்குப் பின்னால் போனது.
"உனக்கென்ன கொம்பா முளைக்குது,
எலும்பு இப்படிக் கரைய?" என்றேன்.
சிரித்தார், சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அக்டோபரில் விழுந்தார்.
மரத்திலிருந்து அல்ல. இறங்கி முடித்து,
ஏணியின் கடைசிப் படியிலிருந்து.
முழங்கால் உயரம்.

டிசம்பரில் காமிராவின் கார்டை மாற்ற நான்தான் போனேன்.
நாலு பத்து.
பத்து முனை. கழுத்து தூண்போல்.
என்னைப் பார்த்தது, அல்லது என் பின்னாலிருந்த காற்றை.
மூன்று கம்பியையும்
வாசல்படி தாண்டுவதுபோல் தாண்டியது.
நான் கார்டைப் பையில் போடுவதற்குள்
ஒரே ஒரு சத்தம்.

மறுநாள் ஸ்ட்ரான்ஸ்கியின் மருமகன் கோல்பி
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.
பத்தொன்பது வயது. வாசலிலேயே நின்றான்.
"அவர் அளந்து தருவாரா?"
மெத்தைமேல் பழைய துண்டை விரித்தேன்.
லாடிஸ் கால் அங்குல எஃகு நாடாவை
ஒவ்வொரு முனையாகச் சுற்றிச் சுற்றி அளந்தார்.
நூற்று அறுபத்தொன்று, மூன்று எட்டு.
தாடையை வாங்கிப் பல்தேய்மானம் பார்த்தார்:
ஐந்தரை வயது, அவர் கணக்கு சரி.
அப்புறம் கேட்டார்,
"வெட்டும்போது விலா எப்படி இருந்தது?"
பையன் விழித்தான்.
"கெட்டி. ரம்பம் வழுக்குச்சு."
"ம்ம். கட்டிட்டான்."

கோல்பி போன பிறகு
வளைந்த அந்தப் புருவமுனை தொட்ட விரலை
வெகுநேரம் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.
கார்டைக் கணினியில் போட்டேன்.
குழியில் மண்டியிட்டு மண் நக்கும் ஒரு குட்டிக் கலை,
கொம்பு என்று சொல்ல இரண்டு விரற்கடை.
"இடது பக்கத்தைப் பெரிசாக்கு" என்றார்.
பெரிசாக்கினேன். ஒன்றும் தெரியவில்லை.

மாத்திரைப் புட்டி மேசைக்கு எப்போது வந்தது, தெரியாது.
நான் கேட்கவில்லை.
பிப்ரவரிக்கு இன்னும் எட்டு வாரம்,
க்ளோவர் விதைக்குப் பணம் கட்டியாயிற்று.
லாடிஸ் தன் ஊன்றுகோலைப் பார்த்தார்,
பிறகு வாசலில் கிடந்த என் பூட்ஸை.