என்ன சரக்கு

ஐப்பசி இடியில் டிவி போயிற்று.
செட்டாப் பெட்டி மட்டும் பிழைத்துக்கொண்டது,
பச்சை விளக்கை எரியவிட்டபடி,
சொல்ல வந்ததைக் கேட்க ஆளில்லாமல்.

பரண்மேல் ஒரு மானிட்டர் கிடந்தது.
கோபாலபுரம் செக்போஸ்ட்டை மூடியபோது
ஏலத்தில் நானூறு ரூபாய்க்கு எடுத்தது.
ஆறு வருஷம் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்,
ஒப்பந்தச் சம்பளத்துக்கு,
வண்டி எண், சரக்கு, எடை, போகுமிடம் என்று
அடித்து அடித்து.
நாச்சிமுத்து அன்றைக்கே கேட்டார்:
"எருமைன்னா கட்டிப்போட்டுக் கறக்கலாம்.
இதை என்ன பண்றது?"

பெட்டியின் வாய் தட்டை.
மானிட்டர் வயருக்கோ பதினைந்து முள்.
பொள்ளாச்சிக் கடையில் அஜ்மல்
இரண்டுக்கும் நடுவில் வைக்க
விரல் நீளத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.
முந்நூற்றைம்பது.
"வாரண்டி கிடையாதுக்கா. வேலை செஞ்சா செய்யும்."

முள்ளில் ஒன்று வளைந்திருந்தது.
ஊக்கு முனையால் நிமிர்த்தினேன்,
மூச்சுக்கூட விடாமல்.

சொருகினேன்.
கறுப்பில் ஒரு நீலக் கட்டம் மிதந்தது:
அவுட் ஆஃப் ரேஞ்ச்.

"படம் பெருசா வருதுக்கா, மானிட்டர் தாங்கலை.
மெனுவுக்குப் போய் எழுநூத்தி இருபதுன்னு வையுங்க."
மெனு எதில் தெரியும்?
"டிவில."
டிவி இருந்தால் உனக்கு ஏன் தம்பி போன் போடுகிறேன்?
கொஞ்ச நேரம்
இரண்டு பக்கமும் பேச்சில்லை.

பிந்து வீட்டில் டிவி உண்டு.
தார் நிறம் மாறும் இடத்துக்கு அப்பால்,
கள்ளுக்கடைக்கு இரண்டு வீடு தள்ளி.
பெட்டியை மஞ்சப்பையில் போட்டு நடந்தேன்.
செக்போஸ்ட்டில் தடுப்புக் கம்பம்
வானத்தைப் பார்த்து நின்றது.
கூண்டுக்குள், என் நாற்காலி இருந்த இடத்தில்,
ஒரு ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.
யாரும் எதையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல வைத்திருந்தேன்.
சரக்கு: பெட்டி ஒன்று.
எடை: அரைக் கிலோ இருக்கலாம்.
போகுமிடம்: பிந்து வீடு.
திரும்புவது: விளக்கு வைப்பதற்குள்.

பிந்து டிவிக்குப் பின்னால் கைவிட்டுத்
தன் வயரைப் பிடுங்கினாள்.
அவள் மாமியார் பார்த்துக்கொண்டிருந்த கதாநாயகி
பாதி அழுகையில் மறைந்தாள்.
"ரெண்டு மினிட், அம்மே."
அந்த வீட்டுச் சுவரில்
என் பெட்டி தமிழில் மெனுவை விரித்தது.
ஆயிரத்து எண்பதிலிருந்து
எழுநூற்று இருபதுக்கு இறங்கினேன்.
சேமிக்கவா என்றது. ஆம்.
கட்டஞ்சாயா வந்தது.
"இதினாணோ வந்நே?" என்றாள் பிந்து.
அதே என்றேன்.
அவள் மாமியார் சிரிக்கவில்லை.
அழுகை முடிந்துபோயிருந்தது.

இருட்டிய பிறகு படம் வந்தது.
ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக,
கதவிடுக்கில் நுழையப் போகிறவர்கள் மாதிரி.
உற்றுப் பார்த்தால் அவர்களுக்குப் பின்னால்
சாம்பல் நிறத்தில் கோடுகள்.
மேலே வண்டி எண் கட்டம். கீழே சரக்கு.
ஆறு வருஷம் ஒரே பக்கத்தைக் காட்டிய திரை
அதை இன்னும் விடவில்லை.
செய்தி வாசிக்கிறவளின் நெற்றி
சரியாக 'எடை'யில் விழுந்தது.
எழுபது டன் என்று மனதுக்குள் அடித்தேன்.
பிறகு அழித்தேன்.

சத்தம் மட்டும் இல்லை.
இந்த மானிட்டருக்குப் பேச்சு வராது,
எனக்குத் தெரியாததா.
அஜ்மல் கொடுத்ததன் விலாவில்
மிளகு அளவில் ஒரு துளை இருந்தது.
நாச்சிமுத்து ஹெட்போனைச் சொருகி
ஒரு முனையைத் தன் காதில் வைத்தார்,
மறு முனையை என்னிடம் நீட்டினார்.
வயர் குட்டை.
தலை முட்டியது.

கால் மணிக்கொருமுறை படம் கண்ணைச் சிமிட்டியது.
தொட்டுப் பார்த்தேன், விரல் நீளச் சாமான்
கொதித்துக்கொண்டிருந்தது.
"அசையாதே, போயிடும்" என்றார்.
நான் அசையவில்லை.
வெளியே தேங்காய் லாரி ஒன்று
வேகத்தைக் குறைக்காமல் போயிற்று.