வடக்கே வாய்க்கால்

நீடாமங்கலத்தில் நாங்கள் வாங்கிய பங்களாவின்
பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருந்தது:
கிழக்கே தெரு,
தெற்கே லோகிதாசன் வகையறா மனை,
மேற்கே தென்னந்தோப்பு,
வடக்கே வாய்க்கால்.

வடக்கே கார் ஷெட்தான் நின்றது.

மே மாதம் முழுக்க உடைத்தோம்.
மார்பிள் என்று நம்பிய தரை மொசைக்காகவும்
தேக்கு என்ற கதவு வேங்கையாகவும் இறங்கிவர
எஸ்டிமேட் மட்டும் ஏறிக்கொண்டே போனது.
வடக்கு அறைச் சுவரின் ஓதம்
எந்தப் பெயின்டுக்கும் மசியவில்லை.
‘தண்ணி போக வழியில்ல, அதான் செவுரேறுது’
என்றார் கொத்தனார் ஜெகபர்,
பீடியை ஈரக் கலவையில் அணைத்தபடி.

தயாளன் காருக்காக வாதாடினார்.
நான் பத்திரத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்தேன்.
நாலு நாள் பேச்சில்லை.
ஐந்தாம் நாள் அவரே
வண்டியைத் தெருவோர வேம்படியில் விட்டுவந்தார்,
காக்கை எச்சத்துக்கு என்னைப் பொறுப்பாக்கி.

சிமென்டுக்கு அடியில் சரளை,
அதன்கீழ் ஓட்டுச் சில்லு,
அதன்கீழ் கறுப்பாய், குளிர்ந்து, வண்டல்.
மதகுப் பலகையொன்றின் பாதி.
மதிலுக்கு அப்பால் முட்டி நின்ற பள்ளத்துக்கு
மூன்றடி திறந்துவிட்டோம்.

ஆடி பிறக்குமுன் ஒரு ராத்திரி
வெண்ணாற்றில் வந்தது எங்கள் கொல்லைக்கும் வந்தது.
முதலில் நுரை.
பிறகு ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு.
அப்புறம்தான்
தண்ணீர் என்று சொல்லத்தக்க ஒன்று.

டார்ச் பிடித்திருந்த தயாளன்
ரிஜிஸ்டர் ஆபீஸ் குரலில்
‘வடக்கே வாய்க்கால்’ என்றார்.

செருப்பு இடதுகால்.
வலது வரட்டும் என்பதுபோல
அங்கேயே குந்திவிட்டார்.