இருநூற்றி முப்பது கிராம்

கெய்சர் வீதியில்
பிளாஸ்டிக் வாளிகள் தொங்கும் கடையின் பின்பாதியில்
ஒரு கணக்குக் கொப்பியின் மேல்
மூன்று அடுப்புகளை வைக்கிறார் பாஹிம் நானா.

ஒன்று பெட்டி, கைபிடியோடு.
ஒன்று பித்தளைக் கிண்ணம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டும்.
ஒன்று, மடித்தால் என் திறப்புக்கோர்வையைவிடச் சிறிது:
மூன்று கால், ஒரு திருகாணி,
கழுத்துக்குக் கீழே உடம்பே இல்லை.

"எத்தன பேருக்கு?"

மூன்று பேருக்கு.
காட்டில் விறகா இல்லை என்று கேட்கும் துலானி.
சோற்றுப் பார்சலோடே மலையேறலாம் என்னும் ஜெஸீமா.
நான் கணக்குப் பிரிவு,
ஆகவே அடுப்பு என் தலையில்.

பெட்டி அடுப்பு ஆடாது, சட்டி சரியாது.
ஆனால் ஒன்றரைக் கிலோ,
அதைச் சுமக்கப்போவது யாரென்று
மூவருக்கும் தெரியும்.
ஸ்பிரிட் அடுப்புக்குச் சத்தமில்லை,
பகலில் சுவாலையும் தெரியாது.
அணைந்துவிட்டதென்று மேலும் ஊற்றின பெடியன் ஒருவன்
புருவமில்லாமல் வந்து இதே இடத்தில் நின்றானாம்.
நானா சிரிக்கவில்லை. நம்பினேன்.

மூன்றாவதற்குரிய குப்பியைக் கையில் தருகிறார்.
பெரிய வெங்காயம் ஒன்றின் குளிர்ச்சி.
"உள்ளுக்கு இருநூத்தி முப்பது கிராம்.
பாத்துப் பாவிச்சா ரெண்டு நாளைக்குக் காணும்."

பாத்துப் பாவிச்சா.
அந்தச் சொல்லைக் கேட்டதும்
இன்னும் மூட்டாத அடுப்பின் திருகாணியை
என் விரல் குறைக்கிற பக்கம் திருப்புகிறது.

கிருலப்பனை வரிசையில்
என் சிலிண்டர் இருநூற்றிப் பன்னிரண்டு.
சோக்கட்டி மழையில் அழிய
நெயில் பொலிஷால் எழுதினேன், சிவப்பில்.
பிடிகளுக்குள் சங்கிலி கோத்துப் பூட்டியிருந்தோம்.
திறப்பு யாரிடம் என்பதில் ஒவ்வொரு விடியலும் சண்டை.
மூன்றாம் நாள் லொறி வந்தது,
நூற்றித் தொண்ணூறோடு முடிந்தது.

அப்போது கை பழகினது:
தண்ணி கொதிக்க முதல் அணை,
மிச்சத்தை மூடி பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஒரு கோல் எடுத்தால்
சிலிண்டர் வாசலுக்கு வருகிறது.
நான் காசு எண்ணி வாங்குவதோ
குசினி இல்லாத இடமாகப் பார்த்துப் போய்
அங்கே குந்தியிருந்து சமைக்கும் சொகுசை.
நானா பில் எழுதுகிறார்,
ஐம்பது ரூபாய் குறைத்து.

வெள்ளவத்தை. நாலாம் மாடி. பல்கனி.
திருகினேன், சீறியது, குச்சி கிழித்தேன்.
கடல் ஒரே ஊதில் அணைத்தது.
இன்னொன்று. இன்னொன்று.
கீழே தண்டவாளத்தில் ஆபீஸ் ரயில் போய்
அதன் காற்றும் சேர்ந்துகொண்டது.

பிஸ்கட் தகரத்தைக் கத்தரித்து வளைத்தேன்,
முழுக்கச் சுற்றவில்லை,
குப்பி சூடேறினால் கதை முடிந்தது என்றவர் சொல் காதில்.
ஆறாவது குச்சிக்கு
நீலமாக, மூன்று காலுக்கு நடுவே, நிமிர்ந்தது.

அரை லீற்றர் தண்ணி.
கேத்திலின் அடியில் கடுகளவு குமிழ்கள் வந்ததும்
கை புறப்பட்டது.
அதைப் பிடித்து மடிக்குக் கீழே வைத்து
அதன் மேல் உட்கார்ந்தேன்.
கொதிக்கட்டும்.
மூடி துள்ளித் துள்ளி அடிக்கட்டும்.
ஆவி போய்க்கொண்டேயிருக்க
சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்,
களவெடுத்தவள் போல.

பிறகு தராசில் வைத்தேன்: ஒன்பது கிராம் குறைவு.
இருபத்தைந்து முறை கொதிக்க வைக்கலாம்.
மூன்று பேர், இரண்டு இரவு, தாராளம்.
மலையில் தண்ணி முந்திக் கொதிக்குமாம்,
அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பிளேன்டீயை ஊற்றும்போது
பக்கத்துப் பல்கனிக் கம்பிக்கு மேலால்
மிஸிஸ் அருளம்பலத்தின் முகம்.
"என்ன பிள்ளை, திரும்பவும் காஸ் இல்லையாமோ?"

இல்லை அன்ரி, நக்கிள்ஸ் போறம், டூர், என்றேன்.
அடுப்பைத் தூக்கிக் காட்டினேன்.
"ஓமோம்" என்று உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில்
சுவருக்கு அப்பால்
சிலிண்டரை விரல்கணுவால் தட்டிப் பார்க்கும் சத்தம்:
மேலே, நடுவில்,
இன்னும் கொஞ்சம் கீழே.